ஒட்டுக் கேட்காதீர்கள், ஒரு வார்த்தை கேளுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறையில், மளிகை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. நாலு மூலையிலும் செல்லோடேப். ஓரத்தில் மஞ்சள் கறை. அடியில் மூன்று கையெழுத்து: என்னுடையது, என் கணவருடையது, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகளுடையது. முதல் வரி அவள் எழுதியது. ‘ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கால் லிஸ்ட் காட்டுவேன். பேசினதைக் கேக்கக் கூடாது.’ இரண்டாவது வரியும் அவளுடையதே. ‘அத்தை, பாட்டி முன்னாடி சொல்லிக்காட்டக் கூடாது.’

மூன்றாவது வரிக்குப் பேனாவை என்னிடம் நீட்டினாள். ‘என்ன நடந்திருந்தாலும் போனைப் பிடுங்க மாட்டோம், பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டோம்’ என்று எழுதினேன். அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாள் அங்கே வருவதற்கு முன்னால் ஒரு தப்பு நடந்தது. செய்தவள் நான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நடுவில் போன இருபது மாதமும் போன்தான் பள்ளிக்கூடம். ‘பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வீடுகளில்கூட, வட்டிக்கு வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வந்து சேர்ந்தது. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவில் நாற்பது பிள்ளைகளின் எண். ஒவ்வொரு எண்ணும் மற்ற முப்பத்தொன்பது வீட்டுக்கும் தெரியும். அந்த வீட்டு அண்ணன்களுக்கும் மாமாக்களுக்கும், போனை வாங்கிப் பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் நம்பர் ஊருக்கே தெரிந்த நம்பராக ஆனது அப்படித்தான்.

எனக்குப் பயம் வந்தது. எங்கள் ஊர் கோவை. 2019இல் பொள்ளாச்சியிலிருந்து பாலியல் வன்கொடுமைச் செய்தி வந்த நாளிலிருந்தே, பெண் பிள்ளை வைத்திருக்கிற வீடுகளில் அந்தப் பயம் அடங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, வருகிற போகிற எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்கிற ஒரு செயலியை மகளின் போனில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் தூங்கியபிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன். ஒன்பது நாள் கேட்டேன். வீட்டுப்பாடம், பிரியாணி, எந்த மிஸ் யாரைத் திட்டினார், யார் யாரோடு ‘கா’ விட்டாள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

பத்தாவது நாள் அவளுடைய தோழி அழுதுகொண்டே பேசினாள். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதைப் பற்றி. அந்தக் குழந்தை என் மகளிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நான் இருட்டில் உட்கார்ந்து வேறொரு வீட்டின் கண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதே பேச்சின் கடைசியில் என் மகள் சொன்னாள்: “அந்த நம்பர்ல இருந்து இன்னும் கூப்பிட்டுட்டே இருக்காங்கடி. அம்மாகிட்ட சொன்னா போனை வாங்கி வெச்சுக்குவாங்க. அப்புறம் கிளாஸும் இல்ல, நீயும் இல்ல.”

அப்போதே அவளை எழுப்பினேன். “யாரு அந்த நம்பர்?” என்றேன். போனைப் பிடுங்கினேன். அவள் எதைச் சொல்லிப் பயந்தாளோ அதையே செய்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “உனக்கு எப்படித் தெரியும்?”

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ‘ம்’, ‘சரி’ தவிர அவளிடமிருந்து வேறு சொல் வரவில்லை. அழைத்துக்கொண்டிருந்த ஆள் அதே நம்பர் வரிசையில் அடுத்த பெண்ணுக்குப் போனான். யார், என்ன பேசினான், எத்தனை நாளாக என்பதையெல்லாம் எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மகள். அவள் வாயைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

பிள்ளைகளின் போனைப் பார்க்கவே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எட்டு வயதுக் குழந்தையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, ‘அது அவளுடைய உரிமை’ என்று விலகிக்கொள்வது பொறுப்பான வேலை இல்லை. ஆனால் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். அவள் ஒப்புக்கொண்டதை மட்டும் பார்க்க வேண்டும். இந்த நாலு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இது.

நீளமும் நேரமும்

குழந்தையை வலையில் விழவைக்கிற அழைப்பு எப்போதும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆனால் அடிக்கடி காணும் பாதை ஒன்று உண்டு. முதலில் ஒரு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் “சாரிங்க, ராங் நம்பர்.” மறுநாள் அதே எண்: “நேத்து தப்பா கூப்பிட்டேன், கோவிச்சுக்கலையே?” பிறகு பெயர் கேட்பது, படிப்பைப் பற்றி அக்கறையாகப் பேசுவது. வீட்டில் திட்டு விழுந்த அன்று “நான் இருக்கேன்ல” என்று சொல்வது. கொஞ்ச நாளில் பேச்சு வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ நகரும். நேரம் இரவுக்கு நகரும். “வீட்ல சொல்லிடாத” என்ற சொல் வரும். அப்புறம் ஒரு போட்டோ. போட்டோ போனபிறகு மிரட்டல்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. இந்தப் பாதையின் பாதியைப் பேச்சைக் கேட்காமலே பார்த்துவிட முடியும். தெரியாத ஒரே எண். முதல் நாள் இருபது விநாடி, பத்து நாள் கழித்து நாற்பது நிமிடம். மாலை ஐந்து மணி மெல்ல மெல்ல இரவு பதினொன்று ஆகிறது. போனில் அழித்த அழைப்பு, சிம் நிறுவனத்தின் கணக்கில் அப்படியே இருக்கிறது. யார், எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் தெரிந்தாலே ஒரு பெற்றோருக்குக் கேள்வி கேட்கப் போதுமானது. என்ன பேசினார்கள் என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். சொல்லும்படி வீடு இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் அழைப்பு சாதாரண கால் லிஸ்ட்டில் முழுசாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கென்று அந்தச் செயலிக்குள்ளேயே தனிப் பட்டியல் உண்டு. சிம் நிறுவனத்தின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சொல்கிறேன். மகள் அப்போது ஒன்பதாவது. சாயங்காலக் காபி நேரம், டைனிங் டேபிளில் போனை எனக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, அவளே விரலால் பட்டியலைத் தள்ளிக்கொண்டு போனாள். தோழி, தோழி, அப்பா, டியூஷன் சார், தோழி. நடுவில் ‘ஜெராக்ஸ் கடை’ என்று மூன்று தடவை. எல்லாமே ஒரு நிமிடத்துக்குள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க அதில் ஒன்றும் இல்லை. விரல் அங்கே நின்றது. “ரெக்கார்டு நோட்டுக்குப் படம் பிரிண்ட் போட்டேன்ல, பி.டி.எப். அவங்க வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்பச் சொன்னாங்க,” என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, “அந்தக் கடையில இருக்கற அண்ணன் தினம் குட்நைட் அனுப்பறாரும்மா. நேத்து டி.பி. நல்லா இருக்குன்னு அனுப்பினாரு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

கால் லிஸ்ட்டில் அந்தக் குட்நைட் இல்லை. நான் முன்பு போட்ட பதிவுச் செயலியும் எனக்கு அதைக் காட்டியிருக்காது. பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பத்து நிமிடம்தான் அதை வெளியே கொண்டுவந்தது. அடுத்து என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டோம். அந்த எண்ணை பிளாக் செய்தாள். அதற்கு முன் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டோம். என் கணவர் கடைக்காரரைத் தனியாகப் பார்த்துப் பேசினார். பிரிண்ட்டுக்கு அனுப்பவேண்டியது இப்போதெல்லாம் என் போனிலிருந்துதான் போகிறது. ஜெராக்ஸ் கடை, ரீசார்ஜ் கடை நோட்டு, வகுப்புக் குழு என்று நம் பிள்ளைகளின் நம்பர் எத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒளிந்து பார்க்கும் செயலிகள்

‘சொல்லாமல் போட்டு வைத்தால் என்ன, அவள் நல்லதுக்குத்தானே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். செல்போன் உலகத்தின் பெரிய நிறுவனங்களே அந்த வழியை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வருகின்றன. 2022 மே மாதம் முதல், அழைப்பைப் பதிவு செய்வதற்காக ஆண்ட்ராய்டின் ‘அக்ஸசிபிலிட்டி’ வசதியைப் பயன்படுத்திக்கொண்டிருந்த செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரில் தடுத்தது. நான் போட்ட செயலியும் அந்த வகைதான். கூகுளின் சொந்த போன் செயலியில் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினால், இந்த அழைப்பு பதிவாகிறது என்று இரு முனைக்கும் ஒரு குரல் அறிவிக்கும். ஆப்பிள் 2024 அக்டோபரில் ஐபோனில் பதிவு வசதியைக் கொடுத்தபோதும் அறிவிப்போடுதான் கொடுத்தது.

சந்தையில் இன்னும் ஒளிந்து உட்காரும் செயலிகள் விற்கின்றன. ‘உங்கள் குழந்தையின் பாதுகாப்புக்கு’ என்றுதான் விளம்பரம். அவை திரட்டுகிற குரலும் படமும் இருப்பிடமும் உங்களிடம் மட்டும் இருப்பதில்லை, அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. எம்ஸ்பை என்ற பிரபலமான கண்காணிப்புச் செயலியின் தரவுகள் 2015இல் கசிந்தன, 2018இல் கசிந்தன, 2024இல் அதன் வாடிக்கையாளர் சேவைப் பதிவுகள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. ஸ்பைபோன் என்ற இன்னொரு நிறுவனம் கண்காணிப்புச் செயலித் தொழிலே செய்யக் கூடாது என்று 2021 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தடை போட்டது. மகளின் அந்தரங்கத்தைக் காக்கப் போய், முகம் தெரியாதவர்களின் கணினியில் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். தாயாக எனக்கு இது நெஞ்சில் குத்துகிறது. நானும் அப்படி ஒரு செயலிக்கு எல்லா அனுமதியும் ‘ஓகே, ஓகே’ என்று அழுத்திக் கொடுத்தவள்தான்.

வெளிப்படையாக நடக்கும் ஏற்பாடுகளும் உண்டு. கூகுளின் பேமிலி லிங்க்கில் எந்தச் செயலியை இறக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், குழந்தை எங்கே இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். பேச்சைக் கேட்க அதில் வழி கிடையாது. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பதின்வயதினர் கணக்கில், பிள்ளை கடந்த ஏழு நாளில் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினாள் என்று பெற்றோர் பார்க்கலாம், என்ன அனுப்பினாள் என்று பார்க்க முடியாது. ஆளைத் தெரிந்துகொள், பேச்சில் நுழையாதே என்ற அந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. என் மகள் நோட்டுத் தாளில் போட்ட கோடும் அதேதான்.

சிம் என் பேரில்தானே?

“சிம் என் பேரில், ரீசார்ஜ் என் காசு, அப்புறம் கேட்க என்ன தடை?” அப்பாக்கள் கேட்கிற கேள்வி இது. பதினெட்டு வயது ஆகாதவருக்கு இந்தியாவில் சிம் கொடுக்கக் கூடாது என்பதால், எல்லாப் பிள்ளைகளின் எண்ணும் ஒரு பெரியவர் பேரில்தான் இருக்கும். சிம் யார் பேரில் இருந்தாலும் அதில் பேசுகிற குரல் வேறு ஆளுடையது.

ஒட்டுக் கேட்பது அந்தரங்கத்தைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. அரசாங்கம் தொலைபேசியை ஒட்டுக் கேட்டதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று நீதியரசர் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்துக்கொண்டு வந்த கணவரின் ஆதாரத்தை, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஜூலையில், விவாகரத்து வழக்குகளில் ரகசியப் பதிவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னது. கணவன் மனைவிக்குள்ளேயே இந்த இழுபறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெற்றோர், பிள்ளை உறவு இதிலிருந்து வேறு. பெற்றோருக்குக் காக்கும் கடமை இருக்கிறது, சிறு குழந்தையிடம் அவர்களுக்கு உள்ள அதிகாரமும் கூடுதல். அதற்காகக் குழந்தைக்கு அந்தரங்கமே கிடையாது என்று ஆகிவிடாது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தைப் பற்றியதே. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை நிறுவனங்கள் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது.

சட்டத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தோழியின் அழுகைதான். ஒரு அழைப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். என் மகளின் போனில் நான் போட்ட பொறியில் விழுந்தது இன்னொரு வீட்டுக் குழந்தை. அவளோ அவள் அம்மாவோ எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. என் மகளே சம்மதித்தாலும், அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க எனக்குச் சம்மதம் கிடைத்துவிடாது. பேச்சைக் கேட்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்ததற்கு முதல் காரணம் இது.

ஒரு பையன் பேர் வந்தால்

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் ஊரில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குள் வேறொரு சொல் ஒளிந்திருக்கிறது. அது ‘மானம்’. பத்தாவது படிக்கும் பெண்ணின் கால் லிஸ்ட்டில் ஒரு பையன் பேர் வந்துவிட்டால் போதும். அவன் கூடப் படிக்கிறவனா, கணக்குச் சந்தேகம் கேட்டானா என்று யாரும் கேட்பதில்லை. அடி விழுகிறது. போன் பீரோவுக்குள் போகிறது. ஊரில் என்ன சாதிப் பையன் என்று விசாரிக்கிறார்கள். சில வீடுகளில் படிப்பு நிற்கிறது, பதினெட்டு நிறையும் முன்னே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். இதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படிப்பட்ட வீட்டில் ‘நீ சம்மதிக்கிறாயா?’ என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்லுவாள்? தலையாட்டுவாள். அது சம்மதம் இல்லை, பயம். முடியாது என்று சொன்னாலும் அடி விழாது என்று தெரிந்த குழந்தை சரி என்று சொன்னால்தான் அதற்குப் பேர் சம்மதம். அதனால் பட்டியலைப் பார்க்க உட்காருவதற்கு முன் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் ஒன்றைத் தெளிவாகப் பேசி முடிக்க வேண்டும். நாம் எதற்குப் பார்க்கிறோம்? மிரட்டுகிற ஆளை, ஏமாற்றுகிற ஆளை, பெரிய வயசு ஆள் குழந்தையைத் தேடி வருவதைக் கண்டுபிடிக்கவா? அல்லது மகள் யாரோடு சிரித்துப் பேசுகிறாள் என்று வேவு பார்க்கவா? இரண்டாவதுதான் என்றால் தயவுசெய்து போனைத் தொடாதீர்கள்.

பொள்ளாச்சி வழக்கை நினைத்துப் பாருங்கள். கோவையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். பழகி, நம்பவைத்து, வரவழைத்து, படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்து மிரட்டினார்கள். அந்த மிரட்டலுக்குப் பலம் எங்கிருந்து வந்தது? ‘வீட்டுக்குத் தெரிந்தால்’ என்ற பயத்திலிருந்து. குற்றவாளியைவிட வீட்டைப் பார்த்து அதிகம் பயப்படும் பெண்ணைத்தான் அவனால் ஆட்டிவைக்க முடியும். 2019 பிப்ரவரியில் புகார் வந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளியே வந்தது வேறொரு கொடுமை. ஆறு வருஷம் கழித்து, 2025 மே 13 அன்று, கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது, பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்ததற்குக் காரணம் அந்தப் பெண்கள் வாய் திறந்தது. நம் வீட்டுப் பெண்கள் வாய் திறக்க அவ்வளவு பெரிய தைரியம் தேவைப்படக் கூடாது.

மகனை மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இளையவன் ஒரு பையன் இருக்கிறான். அவன் போனைப் பற்றி வீட்டில் யாருக்கும் கவலையே இருந்ததில்லை, ‘ஆம்பளப் பையன்தானே’ என்று மாமியார் சொல்லுவார். வீடியோ காலில் வந்து படம் எடுத்துப் பணம் கேட்டு மிரட்டுகிற கும்பலுக்கு ஆண் பிள்ளைகளும் இலக்குத்தான். கேம் விளையாட்டில் பேசிப் பழகி ஓ.டி.பி. கேட்கிறவனும் அவர்களைத்தான் தேடி வருகிறான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழே இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் பொது, ஆண் பெண் பேதம் அதில் கிடையாது. அலமாரிக் கதவில் இப்போது இரண்டாவது தாள் ஒன்றும் இருக்கிறது. அதில் இருப்பது அவன் கையெழுத்து, கோணல் மாணலாக.

குழந்தைகளைத் துன்புறுத்துகிறவர்களைப் பற்றி மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பிக்கை வைத்திருந்த இடத்தில் இருந்தவர்கள். எனவே தெரியாத எண்ணை மட்டும் தேடாதீர்கள். ‘மாமா’, ‘கோச்’, ‘அண்ணா’ என்று சேமித்த எண்ணும், நேரமும் நீளமும் மாறினால் கேட்கவேண்டிய எண்தான். ‘அவர் போய் அப்படியெல்லாம்…’ என்று நாம் தொடங்கினால், குழந்தை அத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

தனி போன் இல்லாத வீடுகள்

இத்தனையும் படித்துவிட்டு, ‘இதெல்லாம் படித்தவர்கள் வீட்டுக் கதை’ என்று நினைக்க வேண்டாம். பனியன் கம்பெனிக்கு ஷிப்ட்டுக்குப் போகிற அம்மா, லாரியில் போகிற அப்பா, வீட்டில் ஒரே போன், அது சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகள் கையில். அம்மாவுக்குச் செட்டிங்ஸ் பார்க்கத் தெரியாது, மகனிடம்தான் கேட்பார். அந்த வீட்டில் செயலி எதுவும் வேலைக்கு ஆகாது, தேவையும் இல்லை. ராத்திரி சோறு போடும்போது “இன்னைக்கு யார் யார் கூப்பிட்டாங்க கண்ணு?” என்று கேட்கிற பழக்கம் போதும். பதிலைக் கேட்டு முகம் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். எனக்கு அது பழக ஒரு வருஷம் ஆனது.

வயது ஏற ஏற ஏற்பாடும் மாற வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு யார் எண் போனில் இருக்கலாம் என்பதையே நாம் முடிவு செய்யலாம், அதையும் சொல்லிவிட்டுச் செய்யலாம். பன்னிரண்டு, பதின்மூன்றில் கூட உட்கார்ந்து பார்ப்பது. பதினைந்துக்கு மேல் பட்டியலும் வேண்டாம், சந்தேகம் வந்தால் அவளே காட்டட்டும். பதினேழு வயதுப் பெண் அடுத்த வருஷம் ஹாஸ்டலுக்குப் போகப் போகிறாள், அங்கே நாம் இருக்க மாட்டோம். எங்கள் தாளில் முடிவு தேதி ஒன்று எழுதியிருந்தோம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் நாள். அதோடு ஒரு விதிவிலக்கும் இருந்தது. அவள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் கேட்காமல் பார்ப்போம், ஆனால் பார்த்ததை அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுவோம். அந்த விதிவிலக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை.

மோசமான அழைப்பு ஒன்று தெரியவந்தால் நாம் முதலில் செய்வது பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. அப்பா உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அவன் சிம்மைக் கழற்றி எறிவான், ஆதாரம் போய்விடும். அம்மா அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். எதையும் அழிக்காதீர்கள். எண், தேதி, நேரம், செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘நீ ஏன் எடுத்த’ என்று கேட்காதீர்கள், அன்று அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் திரும்பத் திரும்பப் போனிலோ இணையத்திலோ தொடர்புகொள்வதே போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. குழந்தையிடம் வாக்குமூலத்தைப் போலீஸ் வீட்டிலேயே, அல்லது அவள் விரும்புகிற இடத்தில் வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, காக்கி உடுப்பு இல்லாமல் வர வேண்டும். ராத்திரியில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. அவள் பெயரையும் அடையாளத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது. ‘வெளியே தெரிந்தால் பேர் கெடும்’ என்று ஒதுங்குகிற பெற்றோருக்காகவே இந்தப் பாதுகாப்புகள் சட்டத்தில் இருக்கின்றன. அவை மீறப்பட்டால் தட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படம் போய்விட்டதே என்று கதறும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023இலிருந்து நடக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் எண் அடையாளத்தை மட்டும் கொடுத்து, சேர்ந்திருக்கிற தளங்களில் பரவாமல் தடுக்கக் கேட்கலாம். எல்லா இடத்திலும் அது நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ‘எல்லாம் முடிந்துபோச்சு’ என்று நினைக்கிற குழந்தைக்கு, செய்ய இன்னும் ஒன்று இருக்கிறது என்பதே பெரிய மூச்சு.

மகள் இப்போது பிளஸ் ஒன். தாளின் தேதி முடிந்துபோனது. கிழித்துவிடலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் காபி மட்டும் தொடர்கிறது, போன் உள் அறையில் சார்ஜில் கிடக்கிறது.

உங்கள் வீட்டில் இன்று ராத்திரி பிள்ளை தூங்கட்டும். அந்த போனை எடுக்காதீர்கள். நாளைக் காலை அவளை எதிரில் உட்காரவைத்து, ஒரு தாளையும் பேனாவையும் நடுவில் வைத்து, முதல் வரியை அவளையே எழுதச் சொல்லுங்கள். அடியில் இந்த எண்களையும் எழுதி வையுங்கள்: குழந்தைகளுக்கு 1098, பள்ளி மாணவர்களுக்கு 14417, சைபர் குற்றப் பணமோசடிக்கு 1930, அவசரத்துக்கு 112.